முப்பதாவது பை

ஒத்தக்கடை
24.02.2025

யாசீன் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனுப்பிய பிறை வந்தது. தெருமுனை வரை வந்தது, வாசல் வரை வந்தது, அதற்கப்புறம் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஆறடி உயரத்துக்குத் தெர்மாகோலில் பிறை செய்தால் அது எந்த வீட்டுப் படியில் ஏறும்? அரை மணி நேரம் யாரும் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழ்வீட்டு மாயக்காள் அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, உம் புருசன் மாடிப்படியிலயே மேடை போடுறாராக்கும்?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடிதத்தோடு அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆட்டோ ஓட்டி வந்த அழகுபாண்டி அண்ணனிடம் நீங்களே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு முழுக்க அவரை வேடிக்கை பார்த்தார்களாம்.

ஜுலைகாவின் ரூம் என்று எழுதுகிறீர்கள். இங்கே இருப்பது ஒரே அறை. நடுவில் பீரோவைத் திருப்பிப் போட்டு ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பீரோவின் முதுகு. அதைத்தான் அவள் "என் ரூம்" என்கிறாள். நோன்புக்கும் பெருநாளுக்கும் அதை அலங்காரம் பண்ண வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. வகுப்பில் யாரோ பொங்கலுக்குப் பேப்பரில் கரும்பு செய்து சுவரில் ஒட்டினார்களாம். எலும்பு டாக்டரும் அதையேதான் சொல்கிறார். முழங்கையில் வைத்த கம்பியை எடுத்து ஒரு வாரம் ஆகிறது, விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, பேப்பர் வெட்டட்டும், மடிக்கட்டும், ஒட்டட்டும் என்கிறார். அவள் செய்ய வேண்டும், மச்சான். நீங்கள் செய்து முடித்துக் கொண்டுவந்து இறக்குவதற்கு இது கல்யாண மண்டபம் இல்லை.

இன்னொன்று. போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது வீம்புக்காக இல்லை. போனில் சொன்னதை மறுநாளே "நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்கிற ஆள் நீங்கள். அதனால்தான் எழுதச் சொன்னேன். ஜனவரி இருபதாம் தேதி பிள்ளை பள்ளிக்கூடப் படியில் விழுந்து கை ஒடிந்து கிடந்தபோது பதினோரு தடவை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆபரேஷன் தாளில் நான் தனியாகக் கையெழுத்துப் போட்டேன். சார்ஜ் இல்லை என்ற கதையை நான் நம்பவில்லை. உண்மையை எழுதுங்கள். அதை எழுதாமல் இங்கே வாசலில் வந்து நிற்க வேண்டாம். ஒத்தக்கடையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். ஏப்ரல் நாலாம் தேதி கடைசி நாள். அதைக் கொடுத்துவிட்டால் நாங்கள் கோச்சடைக்குத் திரும்பி வருகிற பேச்சே கிடையாது.

சுஃபியா


கோச்சடை
27.02.2025

சுஃபியா,

ஸலாம். பிறை வந்து சேர்ந்தது. ஒரு முனை உடைந்திருக்கிறது. படியில் யார் பிடித்து இழுத்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண மேடை போடுகிறேன். ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்து பந்திக்குக் காத்திருக்கிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே கை பழகிவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு பொருள் செய்ய எனக்கு வரவில்லை. அதற்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா?

சரி, வேறு மாதிரி யோசித்தேன். கடையில் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை மடித்து ஒட்டி முப்பது பை செய்திருக்கிறேன். சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்து, ஒன்று முதல் முப்பது வரை நம்பர் போட்டிருக்கிறது. ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டு, எதிரே எங்கே வசதியோ அங்கே இன்னொரு முனை. ஒரு நோன்புக்கு ஒரு பை. நோன்பு திறந்ததும் அன்றைய பையை அவள் பிரிக்கட்டும். அன்றைக்குச் செய்ய வேண்டியதற்குப் பேப்பரோ நூலோ உள்ளே இருக்கும், கூடவே எப்படிச் செய்வது என்று ஒரு துண்டுச் சீட்டு. அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லிவிடுவார்கள், அதனால் நீ படித்துச் சொல். முப்பது நாளில் அவள் ரூம் தயாராகிவிடும்.

மேடை வேலைக்கு மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்போம், பூச்சி வராது. அது விஷம், பிள்ளை கை படுகிற சாமான் என்பதால் போடவில்லை. இம்புட்டு யோசித்துச் செய்திருக்கிறேன், திட்டி எழுதும்போது அதையும் ஒரு வரி எழுது.

நீ கேட்டதற்கும் பதில் உண்டு. நான் பத்தாவதோடு நின்றவன், உன்னை மாதிரி காலேஜ் ஆபீஸில் ஃபைல் எழுதுகிறவன் இல்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைக் கிழிக்கவில்லை. பெருநாளுக்கு முன்னால் அது உன் கைக்கு வரும். எப்போது, எப்படி என்று கேட்காதே. எங்கள் தொழிலில் திரையைக் கடைசியில்தான் விலக்குவோம்.

யாசீன்


ஒத்தக்கடை
04.03.2025

யாசீன் மச்சானுக்கு,

ஸலாம். இன்றைக்கு மூன்றாவது நோன்பு. மூன்று பை பிரித்தாயிற்று. நீங்கள் கேட்ட ஒரு வரியை முதலில் எழுதிவிடுகிறேன்: பை அழகாக இருக்கிறது. இனி மற்றது.

மயில்துத்தம் போடாதது நல்ல மனசுதான். ஆனால் முதல் நாளே எறும்பு வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து கயிறு வழியாக வரிசை கட்டி வந்து பசையைத் தின்கிறது. நேற்றுக் காலையில் பிள்ளை போர்வைக்குள் எறும்பு. கயிற்றின் இரண்டு முனையிலும் மஞ்சள்பொடி குழைத்துத் தடவியிருக்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு, ஆபீஸுக்கும் போய் வந்து, எறும்புக்கும் காவல் இருக்கிறேன்.

மூன்றாம் பையின் மேலே தங்க எழுத்தில் "திவ்யா வெட்ஸ் சித்தார்த்" என்று இருக்கிறது. ஜுலைகா கேட்கிறாள், "இவங்க யாரும்மா, நம்ம நோன்பு தொறக்க வாராங்களா?"

முதல் பையில் நட்சத்திரம் செய்யச் சதுரப் பேப்பர் வைத்திருந்தீர்கள். சீட்டில் "வழக்கம்போல் மடித்து ஓரத்தில் வெட்டவும்" என்று எழுதியிருக்கிறது. யாருடைய வழக்கம், மச்சான்? உங்கள் கடையில் வேலை செய்கிற வெள்ளைத்துரைக்கு வழக்கமாக இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன வழக்கம் இருக்கிறது? நான் ஒரு மாதிரி மடித்தேன், அவள் ஒரு மாதிரி வெட்டினாள். கத்தரிக்கோலை வலது கையில் பிடிக்க வராமல் இரண்டு தடவை கீழே போட்டாள், அழுதாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் ஐந்தரை முனையோடு ஒரு நட்சத்திரம் வந்தது. பீரோ முதுகில் ஒட்டியிருக்கிறாள். "அத்தா பாத்தா என்ன சொல்வாங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

சுஃபியா


கோச்சடை
07.03.2025

சுஃபியா,

ஸலாம். பத்திரிகையைத் திருப்பி மடித்திருந்தால் வெள்ளைப் பக்கம் வெளியே வந்திருக்கும். தங்க எழுத்து விளக்கு வெளிச்சத்தில் மின்னுமே என்று நான்தான் அப்படி வைத்தேன். இதிலும் தப்பு கண்டுபிடித்துவிட்டாய். சந்தோஷம்.

நட்சத்திரத்துக்குச் சதுரத்தைப் பாதியாக, மறுபடி பாதியாக, அப்புறம் மூலைக்கு மூலை மடிக்க வேண்டும். எட்டு மடிப்பு வரும். முனை சேருகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைச் சாய்வாக ஒரே வெட்டு. இதைக்கூட எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் இதையெல்லாம் எழுதிக் காட்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத்தான் காட்டியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார விடாதது நீ.

நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் வீட்டில் கஞ்சி காய்ச்சுவதில்லை. பள்ளிவாசலில் எல்லாரோடும் உட்கார்ந்து நோன்பு திறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன். மாசி முகூர்த்தம் முடிய இன்னும் ஒரு வாரம். நேற்றுக் கீழக்குயில்குடியில் ஒரு நிச்சயதார்த்தம், மேடை முழுக்கப் பேப்பர் பூ. பெண்ணின் தங்கச்சி ஜுலைகா வயசு. ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள், விட்டுவிட்டேன்.

அந்த ஐந்தரை முனை நட்சத்திரத்தை எடுத்துவிடாதே.

யாசீன்


ஒத்தக்கடை
13.03.2025

யாசீன் மச்சானுக்கு,

ஸலாம். பன்னிரண்டாவது நோன்பு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருக்கிறது, அது இந்த எழுத்திலேயே தெரியும்.

ஒன்பதாம் பையில் கூண்டு விளக்கு. பச்சைச் சார்ட் பேப்பரை இரண்டாக மடித்து, வரிசையாகக் கீறி, உருட்டி ஒட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து கீறுவது என்று எழுதவில்லை. அவள் ஓரத்திலிருந்து கீறினாள். அரை மணி நேரம், நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையால். பிரித்துப் பார்த்தால் விளக்கு இல்லை, கிழிந்த கோரைப்பாய் மாதிரி நாராய்த் தொங்கியது. மடிப்புப் பக்கத்திலிருந்து கீற வேண்டும் என்று அப்புறம் நானே கண்டுபிடித்தேன். "என் கையி சரியில்லை, அதான் வரலை" என்று சொல்லி அழுதாள். கை சரியாகத்தான் இருந்தது. சீட்டுதான் சரியில்லை.

பதினோராம் பையில் ஜிகினாப் பொடி. நோன்பு திறந்த பிறகு பிரிக்கச் சொன்னீர்கள், அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே பிரித்தாள். கஞ்சியில் ஜிகினா, பேரீச்சம்பழத்தில் ஜிகினா, என் தொழுகைத் துப்பட்டாவில் ஜிகினா. ஆபீஸில் தாமரைச்செல்வி மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சுஃபியா, நோன்பு மாசத்துல மேக்கப்பா?" என்று கேட்டார்.

இன்றைக்கு நான் சமையலில் இருந்தபோது பதின்மூன்றையும் பதினான்கையும் சேர்த்துப் பிரித்துவிட்டாள். கேட்டால், "அடுத்து என்னனு பாக்கணும்ல" என்கிறாள். உங்களிடமிருந்து வந்த அவசரம் அது. திரும்ப மூடி ஒட்டி வைத்தேன். ஒரு நோன்புக்கு ஒரு பைதான், நோன்பு இல்லாத நாளில் பையும் இல்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீங்கள் வந்து கெடுக்காதவரை அந்தச் சத்தியம் நிற்கும்.

பெருநாளுக்கு அத்தா வருவார்களா, கை ஒடிந்த அன்றைக்கு ஏன் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். மேடை வேலையில் போனை எடுக்க முடியவில்லை, சார்ஜ் இல்லை என்று நீங்கள் சொன்ன கதையைத்தான் அவளிடம் நானும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லாத கதையை உங்களுக்காகப் பிள்ளையிடம் சொல்கிறேன். நான் கேட்டது எங்கே?

சுஃபியா


கோச்சடை
16.03.2025

சுஃபியா,

ஸலாம். விளக்குக்கு மடிப்புப் பக்கத்திலிருந்துதான் கீற வேண்டும் என்பது இந்த ஊரில் பேப்பர் தொட்ட எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எழுதியிருக்க வேண்டும். தப்புதான். "உன் கையில் குறை இல்லை, அத்தா எழுதினதுதான் அரைகுறை" என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல். புதுசாக மூன்று சார்ட் பேப்பர் அனுப்புகிறேன், எங்கே கீற வேண்டுமோ அங்கே பென்சிலால் கோடு போட்டிருக்கிறது.

நீ கேட்டது எங்கே என்றால், அது கிளம்பி எத்தனையோ நாளாகிறது. வர வேண்டிய நேரத்துக்கு வரும். பெருநாள் காலையில் நான் வருவதா வேண்டாமா என்பது அதைப் படித்த பிறகு நீ சொல்ல வேண்டியது. நீ சொல்லாமல் நான் படியேற மாட்டேன். எழுதாமல் வராதே என்றாய், எழுதிவிட்டேன். அழைக்காமல் வரக் கூடாது என்ற மரியாதை எனக்கும் இருக்கிறது.

யாசீன்


ஒத்தக்கடை
25.03.2025

யாசீன் மச்சானுக்கு,

ஸலாம். இருபத்துநாலாவது நோன்பு. எந்தக் கடிதமும் வரவில்லை. கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதற்கு இது மேலூர் பஸ்ஸா?

ஜுலைகா ரூமைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு மேலே ஏழு விளக்கு தொங்குகிறது, இரண்டு கோணல், மற்றது நேர். கட்டிலைச் சுற்றிப் பேப்பர்ச் சங்கிலி. ஐஸ் குச்சியில் செய்த பள்ளிவாசல் தலையணைப் பக்கம் இருக்கிறது, மினார் ஒன்றுதான், இன்னொன்றுக்குக் குச்சி போதவில்லை. பீரோ முதுகு முழுக்க நட்சத்திரம். முதல் நட்சத்திரத்துக்கும் நேற்று வெட்டிய நட்சத்திரத்துக்கும் எம்புட்டு வித்தியாசம் என்று எனக்கே ஆச்சரியம். விரல் இப்போது முழுசாக மடங்குகிறது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இருபதாம் பையிலிருந்து சீட்டை அவளே படிக்கிறாள். நான் கை நீட்டினால், "இது எனக்கு எழுதினது" என்று பின்னால் மறைத்துக்கொள்கிறாள். தப்பில்லாமல் படிக்கிறாள், மெதுவாகத்தான்.

ஒத்தக்கடையிலிருந்து கோச்சடை வேறு நாடு இல்லை, மச்சான். கடைசித் தடவையாகக் கேட்கிறேன்.

சுஃபியா


கோச்சடை
28.03.2025

சுஃபியா,

ஸலாம். இன்னும் மூன்று நோன்பு பொறுத்துக்கொள். அவளே படிக்கிறாள் என்றதும் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு காதுகுத்து மேடை இருக்கிறது, திங்கட்கிழமைக்கு எந்த வேலையும் ஒப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கும் இல்லை. பெருநாள் எந்த நாள் விழுந்தாலும் நான் சும்மாதான் இருப்பேன்.

யாசீன்


ஒத்தக்கடை
31.03.2025, பெருநாள் சாயங்காலம்

யாசீன் அவர்களுக்கு,

நேற்றுச் சாயங்காலமே பிறை தெரிந்துவிட்டது. இருபத்தொன்பதோடு நோன்பு முடிந்தது. இன்றைக்குப் பெருநாள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

காலை ஏழு மணிக்கு ஜுலைகா புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எழுந்தாள். என் அண்ணன் பாதுஷா வந்து பெருநாள் காசு கொடுத்துவிட்டுப் போனார், மாயக்காள் அக்கா வந்து பிரியாணி வாங்கிக்கொண்டு போனது. மூன்று மணிக்கு ஜுலைகா சொன்னாள், "அத்தா முப்பது நோன்புன்னு நெனச்சுட்டாங்கம்மா. நாளைக்கு வருவாங்க." மதுரை முழுக்கப் பெருநாள் கொண்டாடுகிறது, உங்களுக்கு மட்டும் தெரியாதா?

கடைசிப் பையைப் பிரிக்கட்டுமா என்று கேட்டாள். இன்றைக்கு நோன்பே கிடையாது, பையும் கிடையாது என்றேன். சத்தியம் சத்தியம்தான். ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் எழுதவும் இல்லை, வரவும் இல்லை. வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுக்கிறேன்.

சுஃபியா


கோச்சடை
31.03.2025

சுஃபியா,

பெருநாள் வாழ்த்துச் சொல்லக்கூட மனசு வரவில்லை. இப்படி ஒரு கல்நெஞ்சு உனக்கு என்று நான் நினைக்கவே இல்லை.

முப்பதாவது பையில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாததை, என் அத்தா இருந்திருந்தால் அவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், அதை எழுதினேன். படித்துவிட்டு அழகுபாண்டி அண்ணனிடம் "வரச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் எழுதினேன். நேற்றுப் பிறை தெரிந்தது என்றதும், கடைசி இரண்டு பையையும் சேர்த்துப் பிரித்திருப்பீர்கள் என்று தெரியும். எந்தப் பிள்ளை பெருநாள் அன்றைக்கு ஒரு பையை மட்டும் மூடி வைத்திருக்கும்? தொழுகை முடிந்து வந்து போட்ட சட்டையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். "ஒண்ணும் சொல்லி விடலையே மாப்ள" என்றார். மூன்றாவது தடவை அவருக்கே சங்கடமாகிவிட்டது.

நான் சொன்ன உண்மை உனக்குப் போதவில்லை என்றால், போதவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

யாசீன்


ஒத்தக்கடை
02.04.2025

மச்சான்,

இதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கிறது.

நேற்றுக் காலை அழகுபாண்டி அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். ஏதாவது சாக்கு எழுதியிருப்பீர்கள் என்று பிரிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். அது என் தப்பு. பிரித்திருந்தால் மற்றது நடந்திருக்காது.

பெருநாளுக்கு அடுத்து வைக்கிற ஆறு நோன்பை நேற்று நான் ஆரம்பித்தேன். ஜுலைகா அதைப் பிடித்துக்கொண்டாள். "நானும் நோன்பு வைக்கிறேன். முழு நோன்பு. அப்ப அது முப்பதாவது நோன்பாயிரும், பையப் பிரிக்கலாம்ல?" என்றாள். ரமலான் முழுக்க அரை நோன்புதான் வைத்திருக்கிறாள். மத்தியானம் விட்டுவிடுவாள் என்று சரி என்றேன். விடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உதடு காய்ந்து வந்தாள், சாயங்காலம் வரை கட்டிலில் கிடந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், நேரே பைக்குப் போய்விட்டாள்.

உள்ளே பேப்பர் இல்லை, நூல் இல்லை, நாலாக மடித்த கடிதம். மேலே என் பெயர்தான் இருந்தது. அவளுக்கு அது கண்ணில் படவில்லை. அவள் பை, அவள் சீட்டு. எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "ஜனவரி இருபதாம் தேதி என் போனில் சார்ஜ் இருந்தது." அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதற்குள் அவள் மேலே படித்தாள். "உன் பெயர் பதினோரு தடவை வந்ததைப் பார்த்தேன். சும்மாதான் கூப்பிடுகிறாய், சீக்கிரம் வரச் சொல்லிச் சண்டை போடுவாய் என்று நினைத்து, பெண் வீட்டார் முன்னால் எதற்கு என்று ஆஃப் செய்தேன். சார்ஜ் இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன்." அதுவரை படித்துவிட்டாள். பிடுங்கினேன். அதற்குள் படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று.

மச்சான், இரண்டு மாதம் நான் கேட்ட உண்மை இதுதான். நீங்கள் எழுதியதற்காக நான் உங்களை மதிக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அதை என் கையில் கொடுக்காமல் ஏழு வயதுப் பிள்ளையின் பைக்குள் வைத்துவிட்டு, அவள் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்று நான் எழுதிய பிறகும் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே. நோன்பு இருபத்தொன்பதிலும் முடியும் என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது?

அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள். "நீயும் எங்கிட்ட சார்ஜ் இல்லைன்னு சொன்னியேம்மா?" அப்புறம், "என் கை ஒடஞ்சது தெரிஞ்சும் அத்தா வரலையா?" இல்லை, தெரியாது, தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பார் என்றேன். "எடுத்துருந்தா தெரிஞ்சுருக்கும்ல?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அழவில்லை. கஞ்சியைக் குடித்தாள், வீட்டுப்பாடம் எழுதினாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் அவள் உங்களைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் உங்கள் சார்பில் நானே பதில் சொன்னேன். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இது எனக்கான கேள்வி இல்லை.

விண்ணப்பம் மேஜை மேல்தான் இருக்கிறது.

சுஃபியா


ஒத்தக்கடை
03.04.2025, சாயங்காலம்

சுஃபியா,

உன் கடிதம் காலையில் கைக்கு வந்தது. நாளைக்கு மேலூரில் மேடை, பாதி நிற்கிறது. வெள்ளைத்துரையிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ அழைக்கவில்லை, நானாக வந்தேன். மாயக்காள் அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டது.

பெருநாள் அன்றைக்கே இப்படி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீ சொல்லி அனுப்பினால்தான் வருவேன் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயம்தான். படித்துவிட்டு நீ பார்க்கிற பார்வையை நேரில் பார்க்கப் பயம். உன் கையில் கொடுக்கப் பயந்து பையில் வைத்தேன், அது பிள்ளை கையில் போய் விழுந்தது.

அவள் கேட்டதற்கு என்ன சொல்வது என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்தேன். வேலை இருந்தது என்று சொன்னால், அவளைவிட வேலை பெரிது என்று ஆகும். அம்மா சும்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன் என்று சொன்னால், நீ கூப்பிட்டால் எனக்கு இளக்காரம் என்று ஆகும். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே நிஜம். எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், அவள் சொன்னது சரி. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. அவள் அழுதால் அழட்டும், பேசாமல் திரும்பிக்கொண்டால் அப்படியே இருக்கட்டும். நீ பக்கத்தில் நின்று எனக்காக எதையும் நல்லபடியாக மாற்றிச் சொல்லாதே. விண்ணப்பத்தைப் பற்றி இன்றைக்கு நான் வாய் திறக்க மாட்டேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தட்டுகிறேன். நீ எழுந்து வராதே. அவள் வந்து திறக்கட்டும், திறக்க மனசு இருந்தால்.

யாசீன்